வெறுந்தகரத்துக்குக் காவல்

ஆயத்தக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. வறண்ட நாடுகளிலும் அவர்களைக் காணலாம், ஆனால் அங்கே அவர்கள் மெலிந்து சோணிப்போய்க் கிடப்பார்கள். மழையும் பனியும் முறை வைத்து வந்துபோகும் கண்டிப் பக்கத்தில்தான் அந்த இனம் கொழுத்து வளர்கிறது. ஒரு வேலையைத் தள்ளிப்போட இவ்வளவு நியாயமான காரணங்களை வேறெந்த ஊர் வானம் தினமும் கையில் கொண்டுவந்து கொடுக்கும்?

இவரைச் சோம்பேறியோடு சேர்த்துவிடாதீர்கள். அது சோம்பேறிக்குச் செய்யும் அநியாயம். சோம்பேறி சாய்மனைக் கதிரையில் கிடப்பார். தான் ஒன்றும் செய்யவில்லை என்பது அவருக்கே தெரியும். ஆயத்தக்காரர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் இருட்டும்வரை உட்காரமாட்டார். மதிலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால் முதலில் மதிலைச் சுரண்டுவார், சுரண்டிய இடத்தைக் கழுவுவார், கழுவிய இடம் காயட்டும் என்று காத்திருப்பார், காத்திருக்கும்போது அங்கே பாசி பிடிக்கும், பிடித்த பாசியை மறுபடி சுரண்டுவார். உடம்பு இளைக்க நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னால், நடப்பதற்கேற்ற சப்பாத்தைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிப்பார், அந்த விசாரணைக்காக ஒவ்வொரு கடைக்கும் வாகனத்தில் போய் இறங்குவார். அவர் செய்கிற எதிலும் பிழை சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல். ஒவ்வொன்றும் சரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது.

எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? கண்டிக்குப் பக்கத்தில், திகன பட்டினத்தில், சட்டையிலிருந்து சொக்ஸ் வரை விற்கும் புடவைக்கடை வைத்திருக்கும் பளீலின் வீட்டுக்கு வாருங்கள். வீட்டின் முன்கொட்டிலில் ஒரு பழைய ஜப்பான் கார் நிற்கிறது. நிற்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயிண்ட் எல்லாம் உரித்தெடுத்து, லைட்டுகளும் பம்பர்களும் கழற்றி, தோலுரித்த ஆடுபோல வெறுந்தகரமாக நிற்கிறது.

கார் பளீலின் மனைவி ஹபீலாவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பளீல் அதைச் சொல்லமாட்டார். அவரிடம் கேட்டால் "நம்மட கார்" என்பார். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் அது "என்ட கார்" ஆகிவிடும். ஹபீலா கணக்கு டீச்சர். படிப்பித்துச் சேர்த்த காசில், தன் பெயரில் வாங்கிய கார் அது. லைசன்சும் எடுத்திருக்கிறார். அவர் ஓட்டும்போது பளீல் பக்கத்து சீட்டில் இருந்து, அங்கே இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

இப்போது ஹபீலாவுக்கு ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர் பதவி கிடைத்திருக்கிறது. மலையேறும் பஸ் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். சந்தியிலிருந்து பாடசாலைக்குத் தேயிலைக்குள்ளால் ஏறும் பாதையில் ஒரு வாகனமும் ஓடுவதில்லை. நேர்முகப் பரீட்சையில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். "உங்களிடம் வாகனம் இருக்கிறதா?" இருக்கிறது என்றார் ஹபீலா. விடுமுறை முடிந்து பாடசாலைத் தவணை தொடங்கும் திங்கட்கிழமை காலையில் போய்ப் பதவியைப் பாரமெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்தக் கதிரைக்கு அடுத்த ஆள் தயாராக இருக்கிறார்.

வாகனம் இருந்தது, உண்மை. கதவுக்குக் கீழே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளமும் இருந்தது. பளீல் அதை நகத்தால் சுரண்டினார். உள்ளே கறள்.

துரு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாம் கறள் என்போம். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே நாக்கில் ஒரு சொரசொரப்பு வரும். பளீலுக்கு அன்று முதுகெல்லாம் சொரசொரத்தது. அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒரு பூச்சுப் பூசினால் ஒரு பின்னேரத்து வேலை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஆயத்தக்காரர் ஒரு கொப்புளத்தைப் பார்த்தால் ஒரு கொப்புளத்தைப் பார்ப்பதில்லை.

"மேல இவ்வளவு தெரியுதெண்டா, பெயிண்டுக்குக் கீழ என்னென்ன நடக்குதோ" என்றார்.

"அத மட்டும் பாருங்களேன்" என்றார் ஹபீலா.

"ஒரு வேலையச் செஞ்சா அடியிலருந்து செய்யணும். தவணை தொடங்க முதல் புதுக் கார் மாதிரி எடுத்துத் தாறன், இன்ஷா அல்லாஹ்."

விடுமுறை தொடங்கியபோது முழுக் காரும் உரிந்து நின்றது. அதுவரைக்கும் மலைப் பனியிலிருந்தும் மகாவலி ஆற்றுக் காற்றிலிருந்தும் அந்தத் தகரத்தைக் காப்பாற்றி வந்தது பெயிண்ட். அதை எடுத்துவிட்டார். இனி யார் காப்பாற்றுவது? பளீல்தான். ஆயத்தக்காரரின் மனம் இப்படித்தான் வேலை செய்யும். ஒரு பொருளுக்கு முதலில் ஆபத்தை உண்டாக்குவார், பிறகு அந்த ஆபத்திலிருந்து அதைக் காப்பதே தன் வாழ்க்கை என்று ஆக்கிக்கொள்வார்.

உரித்த முதல் நாள் கார் வெள்ளிபோல மின்னியது. அடுத்த நாள் காலையில் பனி படிந்த கூரைத் தகரத்தில் சாயத் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய செம்மஞ்சள். பளீல் சாண்ட்பேப்பரால் தேய்த்தார். தேய்த்த தூசு போகக் கழுவினார். கழுவிய ஈரத்தில் கறள் வந்தது. கறள் வராமல் இருக்க எண்ணெய் பூசினார். எண்ணெய் மேல் பெயிண்ட் ஒட்டாது என்பது நினைவுக்கு வந்து, எண்ணெயை எடுக்கத் தின்னரால் துடைத்தார். துடைத்ததும் தகரம் மறுபடி வெறுமையானது. இரவு பனி பெய்தது. இதற்குப் பெயர் வட்டம். பளீல் இதை வேலை என்றார்.

தின்னர் போதாதென்று அசிட் கொண்டுவந்தார். அசிட் கறளைத் தின்னும், தின்ற பிறகு அசிட்டையே கழுவ வேண்டும், கழுவினால் ஈரம். கடையில் சட்டைக்குத் துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் இதை விளக்கினார். அவர்கள் சட்டையை மறந்துவிட்டு, தங்கள் மச்சானின் வேனுக்கு என்ன பூசினார்கள் என்று சொன்னார்கள். ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார். ஒருவர் பழைய என்ஜின் ஓயில் என்றார். ஒருவர் வாசலின். ஒவ்வொன்றையும் பளீல் ஒரு சின்ன இடத்தில் பூசிப் பார்த்தார், ஏனென்றால் பரீட்சித்துப் பார்க்காமல் ஒன்றைத் தள்ளுவது அறிவாளிக்கு அழகில்லை. கார் பல வாசனைகள் வீசத் தொடங்கியது.

அதற்குள் ஊர் வந்து பார்க்கத் தொடங்கியிருந்தது. நம் பக்கத்தில் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று பேசும் மனிதன் அதன் பொனட்டில் கை வைக்காமல் பேசமாட்டான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாங்கிவந்த மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டுத் தட்டி, கையை அப்படியே ஊன்றிக்கொண்டு, விலைவாசியிலிருந்து மருமகன் வரை பேசிவிட்டுத்தான் எடுப்பான். வெறுந்தகரத்தில் கை பட்டால் என்ன ஆகும் தெரியுமா? வியர்வையில் உப்பு இருக்கிறதே. மறுநாள் விடியும்போது உள்ளங்கையும் ஐந்து விரலும் அப்படியே கறளில் எழும்பி நிற்கும்.

பளீல் டோர்ச் லைட்டோடு அவற்றைப் பரிசோதித்தார். வர வர ஆளையே அடையாளம் காணத் தொடங்கினார். "இது விவேகானந்தன் ஐயாட கை. மோதிரம் பட்ட இடம் இங்க ஈக்கி."

விவேகானந்தன் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தவர், நீர்ப்பாசனத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்று, கண்டிக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். அணைக்கட்டுகளோடு வாழ்ந்தவருக்கு இப்போது கையில் அணைக்கட்டு இல்லை. அந்தக் குறையை ஹபீலாவின் கார் தீர்த்துவைத்தது.

ஆனால் கை பிரச்சினை. பளீல் கடையிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சொக்ஸ் ஒரு கட்டுக் கொண்டுவந்து கேட்டடியில் வைத்தார். காரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் சொக்ஸ் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அப்படித்தான் விவேகானந்தன் ஒரு பின்னேரம், இரண்டு கையிலும் சொக்ஸோடு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, கறள் பற்றிய தன் முடிவை அறிவித்தார்.

"இஞ்ச பாரும் பளீல். கலருக்கு முதல் அடிக்கிறதெண்டு கடையில விக்கிற சும்மாச் சாம்பல் பிரைமர் தண்ணி குடிக்கும். அடிச்சுப்போட்டு ஈரத்தில விட்டா உள்ளுக்குள்ளால கறள் பிடிக்கும். உமக்கு எபொக்சிதான் வேணும். ரெண்டு டின்னா வரும். ஒண்டு பிரைமர், மற்றது அதை இறுக்கிற மருந்து. ரெண்டையும் கலந்து அடிச்சா தகரத்தோட ஒட்டிக்கொண்டுடும். காத்தும் போகாது, தண்ணியும் போகாது."

"அப்ப அத அடிச்சாச் சரியா?"

"ஓம். ஆனா அதுக்கு முதல் தகரம் சுத்தமா இருக்கோணும்."

அந்த "அதுக்கு முதல்" காதில் விழுந்ததும் பளீலின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கணம் பயந்துபோயிருந்தார், வேலை முடிந்துவிடுமோ என்று.

"எவ்வளவு சுத்தம்?" என்றார், ஆசையோடு.

"சொட்டுக் கறளும் இருக்கக் கூடாது."

ஆயத்தக்காரருக்கு இதைவிட இனிய செய்தி உண்டா? கண்டியில், ஒரு முழுக் காரில், சொட்டுக் கறளும் இல்லாத ஒரு காலை. சொர்க்கத்தில் வேண்டுமானால் கிடைக்கும். பளீல் அன்றே கண்டிக்குப் போய் எபொக்சி டின்கள் இரண்டையும் வாங்கிவந்து அலுமாரியில் வைத்தார். இறக்குமதிச் சாமான். கைகூட வைக்கவில்லை. தூசு படாமல் ஒரு துணியால் போர்த்தியும் வைத்தார்.

இனி அந்தக் காலையை வரவழைக்க வேண்டும். இரவில் காரைத் தறப்பாளால் இறுக்கிக் கட்டினார். தறப்பாளுக்குள் கார் வேர்த்தது. விடிந்து திறந்தால் முன்னைவிட இரண்டு மடங்கு கறள். அப்போதுதான் அவருக்குத் தன் வீட்டுப் பிள்ளைப்பேற்று அறை ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் பச்சைப்பிள்ளையின் துணிகளைத் தணல் சட்டிக்கு மேல் கூடையைக் கவிழ்த்து உலர்த்துவார்களே. கார் மட்டும் என்ன, இப்போது அதுவும் பிள்ளைதானே. ஒரு மாலை தணல் சட்டியை வாரிக்கொண்டுவந்து காருக்குக் கீழே தள்ளி, கொஞ்சம் சாம்பிராணியும் போட்டு, மேலே தறப்பாளை இழுத்துவிட்டார். சற்று முன்னர்தான் காரைத் தின்னரால் துடைத்திருந்தார்.

சாம்பிராணி வாசனை ஹபீலாவை வெளியே கொண்டுவந்தது. அவர் கத்தவில்லை. குளியலறை வாளியை எடுத்துவந்து, குனிந்து, தணல் சட்டியின் மேல் ஊற்றினார். புஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் எழுந்து காரின் வயிற்றில் ஒட்டிக்கொண்டன.

"என்ன வேல செஞ்சீங்க? ஈரமாக்கிட்டீங்களே" என்றார் பளீல்.

"வீடு எரியாம ஈக்கி, பாத்தீங்களா?" என்றார் ஹபீலா. வாளியோடு உள்ளே போய்விட்டார்.

பெயிண்ட் அடிக்க ஆள் இல்லையோ என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆள் இருந்தான். பிலிமத்தலாவையிலிருந்து வரும் இப்ஹாம் பாஸ். எந்த நாள் கூப்பிட்டாலும் வருவான், வேண்டாமென்றால் அதே சந்தோஷத்தோடு திரும்பிப் போவான்; அவனுக்கு இரண்டும் ஒன்றுதான், தன் வேன் ஓடினால் சரி. ஒரு முறை ஹந்தானை மலைப் பக்கம் மேகம் என்று திருப்பி அனுப்பப்பட்டான். இன்னொரு முறை வெளியே வீதி தோண்டுகிறார்கள், தூசு ஒட்டும். இன்னொரு முறை பக்கத்துத் தெருவில் கலியாணம். புரியாணிச் சட்டியின் எண்ணெய்ப் புகை காற்றில் வந்து தகரத்தில் படியும் என்று பளீல் விளக்கியபோது, இப்ஹாம் "அதுவும் சரிதான் நானா" என்று சொல்லி, அந்தப் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஹபீலா ஒவ்வொரு மாலையும் ஒரு சொல் கேட்பார். "எப்ப?"

"இன்னும் ஒரேயொரு வேலதான் ஈக்கி."

அந்த ஒரேயொரு வேலை அல்லாஹ் படைத்த நாளெல்லாம் அங்கேயே இருந்தது. தவணை தொடங்குவதற்கு முந்திய வாரம் பளீல் புதிதாக ஒரு யோசனை சொன்னார். சாப்பாட்டு மேசையில், கறியைப் போட்டுக்கொண்டே, மெதுவாக.

"அடுத்த தவணையில போய்ப் பாரமெடுத்தா என்ன? இப்ப மலையில பனி. தனிய ஓட்டிட்டுப் போறதும் ஒரு மாதிரி. கார் வேலையும் நல்லா முடிஞ்சிரும்."

"அடுத்த தவணையில அந்தக் கதிரையில வேறாள் ஈப்பாங்க."

"அதுக்கென்ன, இங்க கிட்ட ஒரு பாடசாலை வராமலா போகும்."

ஹபீலா எழுந்து கை கழுவப் போனார். பளீல் பயந்தது கறளுக்கா, வீதிக்கா, இல்லை மனைவி தனியாக ஒரு காரில் ஏறி, தான் இல்லாமலே ஒரு மலையில் ஏறி, ஒரு பாடசாலைக்கே அதிபராக இறங்குவதற்கா? அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளுமுன் அவருக்குச் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன.

சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை. வானம் துடைத்து வைத்த மாதிரி. மேகமில்லை, தூசில்லை, ஊரில் ஒரு கலியாணமும் இல்லை. இப்ஹாமைக் கூப்பிட்டது இந்த முறை ஹபீலா. அவன் காலையிலேயே வந்து கொம்பிரசரை இறக்கி, கண்ணாடிகளுக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டி, கடைசியாக ஒருமுறை துடைத்துவிட்டு, தேத்தண்ணிக்கு உட்கார்ந்தான். விவேகானந்தன் கையில் சொக்ஸ் மாட்டி வந்து நின்றார். பளீல் டோர்ச்சை எடுத்தார்.

முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் போனார். குனிந்தார், படுத்தார். பொனட்டில் ஒன்றுமில்லை. கதவுகளில் ஒன்றுமில்லை. டிக்கிக் கதவைத் தூக்கி, அதன் கீழ் விளிம்பின் உள்மடிப்பில் லைட்டை அடித்தார். கடுகளவில் ஒரு செம்புள்ளி.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கவலையும் நிம்மதியும் சரிபாதியாக இருந்தன.

"இப்ஹாம், இன்னைக்கு வேணாம். உள்ளுக்கு ஈக்கி. இதோட அடிச்சா முழுக்கப் பாழ். அடுத்த கிழமை பாப்பம்."

"சரி நானா" என்று இப்ஹாம் எழுந்து பைப்பைச் சுருட்டத் தொடங்கினான்.

"அதுவும் சரிதான்" என்றார் விவேகானந்தன். "நான் சொன்னனான்தானே, சொட்டும் இருக்கக் கூடாதெண்டு."

இந்த நேரத்தில் ஹபீலா வீட்டுக்குள்ளிருந்து இரண்டு டின்களோடும் ஒரு வெறும் வாளியோடும் ஒரு மரக்கரண்டியோடும் வந்தார். முன்கொட்டில் படியில் உட்கார்ந்து டின்களைத் திறந்தார். "இப்ஹாம், நாலுக்கு ஒண்டுதானே?" என்றார்.

"ஓ டீச்சர், டின்னுலயே போட்டீக்கி."

கணக்கு டீச்சர். அளந்து ஊற்றினார். பிரைமரை ஊற்றி, மருந்தை ஊற்றி, மரக்கரண்டியால் சாவகாசமாகக் கிண்டினார். அவர் என்ன செய்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் கிண்டி முடித்துவிட்டார்.

"கலந்துட்டன்" என்றார்.

இப்ஹாமின் கையில் பாதி சுருட்டிய பைப் அப்படியே நின்றது. "எவ்வளவு டீச்சர்?"

"முழுக்க."

"கலந்தா இனி வைக்க ஏலாதே நானா. பின்னேரம் ஆகக்குள்ள கல்லாப் போயிரும். வாளியோட தூக்கி வீசத்தான் ஏலும்."

பளீல் வாளியைப் பார்த்தார். ஆயத்தக்காரர் எதையும் பொறுத்துக்கொள்வார். மழையை, பனியை, மனைவியின் மௌனத்தை. காத்திருக்க மறுக்கும் ஒரு பொருளை மட்டும் அவர் அதுவரை சந்தித்ததில்லை. உலகத்தில் எல்லாமே அவருக்காகப் பொறுத்திருக்கும் என்றிருந்தவர் முன்னால், ஒரு வாளி சாம்பல் குழம்பு உட்கார்ந்து இறுகிக்கொண்டிருந்தது.

அவருக்குள் வேறொருவரும் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. புடவைக்கடைக்காரர். புதுச் சட்டையிலிருந்து கழற்றும் குண்டூசிகளைப் போத்தலில் சேர்ப்பவர், பார்சல் கட்டி வந்த நூலை அவிழ்த்துச் சுற்றி வைப்பவர், ஒரு முழத் துணி வீணானால் அன்று சாப்பாடு இறங்காதவர். ஆயத்தக்காரர் ஒரு பக்கம் இழுத்தார்: கடுகளவு கறள் இருக்கிறது, அடிக்காதே. கடைக்காரர் மறுபக்கம் இழுத்தார்: இறக்குமதி டின், முழு டின், கல்லாகப் போகிறது.

"நீங்க செஞ்சது சரியில்ல ஹபீலா."

"தெரியும்."

"கேட்டிருக்கலாம்."

"மூணு மாசமாக் கேட்டனே."

விவேகானந்தன் தொண்டையைச் செருமினார். "கலந்த உடன அடிக்கவும் ஏலாது. அரை மணித்தியாலம் விடோணும். அதுக்குப் பிறகுதான்."

அரை மணித்தியாலம். பளீல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். பாய்ந்தது ஓடிப்போவதற்கல்ல. சாண்ட்பேப்பரை எடுத்தார், டிக்கிக் கதவுக்குள் தலையை விட்டார், செம்புள்ளியைத் தேய்த்தார், துடைத்தார், விரலில் துணி சுற்றி மடிப்பெல்லாம் துடைத்தார், இப்ஹாமைப் பார்த்து "என்ன பாத்திட்டு ஈக்கீங்க, பைப்ப மாட்டுங்க" என்று அதட்டினார், விவேகானந்தனைத் தள்ளி நிற்கச் சொன்னார், முன்கொட்டில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசு அடக்கினார். அந்த அரை மணித்தியாலம் முடிவதற்குச் சற்று முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இத்தனை நாளாக முடியாமல் கிடந்த வேலை. இதில் தனக்கே ஒரு வெட்கம் வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. "டைம் சரியா பாத்தீங்களா" என்று பெருமையோடு கேட்டார்.

இப்ஹாம் அடித்தான். பின்னேரம் ஆனபோது கார் மழைமேகம்போல ஒரே சாம்பல் நிறமாக, நிதானமாக நின்றது. முதல் தடவையாக அன்றிரவு பனி பெய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இப்ஹாம் லைட்டும் பம்பரும் மாட்டினான். பளீல் சுற்றி வந்தார். கை சும்மா இருக்க முடியவில்லை. தேய்க்க ஒன்றுமில்லை, துடைக்க ஒன்றுமில்லை. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஹபீலா, எபொக்சிக்கு வெயில் ஆகாது. அது உண்மை, யாரட்டயும் கேளுங்க. மேல கலர் அடிக்கிறவரைக்கும் இத வெயிலுக்கு எடுக்கப்படாது."

"வெயிலா?" என்றார் ஹபீலா. "ஹுன்னஸ்கிரியவுலயா?"

திங்கட்கிழமை விடியும்போதே ஹபீலா சாரியுடுத்து, பேக்கை எடுத்து, சாவியோடு வெளியே வந்தார். பளீல் ஏற்கெனவே பக்கத்து சீட்டில் இருந்தார். கையில் டோர்ச், மடியில் ஒரு துண்டு சாண்ட்பேப்பர், காலடியில் கொஞ்சம் துணி.

"நீங்க எங்க?"

"வழியில ஏதும் கல்லுப் பட்டுத் தோலுரிஞ்சா? தகரம் தெரிஞ்சா? அந்த இடத்திலயே பாக்க வேணாமா?"

ஹபீலா காரை எடுத்தார். திகன பட்டினத்துக்குள் வந்து, புடவைக்கடை வாசலில் நிறுத்தி, என்ஜினை நிறுத்தாமல் இருந்தார். பளீல் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டும் இருந்தார்.

"கடை திறக்க நேரமாச்சு" என்றார் ஹபீலா.

"இன்னும் கொஞ்ச நேரம் ஈக்கி."

"எனக்கு இல்ல. இறங்குங்க."

இறங்கினார். சாம்பல் கார் மஹியங்கனை வீதியில் வளைந்து போய் மறைந்தது. மாலையில் அது பம்பர் வரைக்கும் தோட்டத்துச் செம்மண்ணோடு திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் அதிபராகியிருந்தார். செம்மண்ணைக் கழுவட்டுமா என்று பளீல் கேட்டார். நாளைக்கும் அங்கேதான் போகிறேன், விடுங்கள் என்றார் அதிபர்.

பளீல் தோற்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கடைக்குள் போய்ப் பாருங்கள். துணியை விரித்துப் பிடித்தபடி, வந்தவரிடம் விளக்கிக்கொண்டிருப்பார். "பிரைமர் அடிச்சிட்டோம், நானே பக்கத்துல நிண்டு அடிப்பிச்சன். கலர் அடிக்கத் துடிக்கிறாங்க வீட்டுல. அவசரப்படக் கூடாது. இந்தக் குளிருக்குப் பிரைமர் கொஞ்ச நாள் ஓடிப் பழகணும். அதுக்கு முதல் கலர் அடிச்சா நிக்காது." வந்தவர் தலையாட்டுவார். அவர் மச்சானின் வேனும் அப்படித்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பெரியப்பாவையோ, ஒபீஸில் உங்கள் முன்மேசைக்காரரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள், நல்லது, சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்தக் கதையை இப்போதைக்கு மேலோட்டமாக ஓட்டிவிட்டு, ஒரு நல்ல ஓய்வு நாளாகப் பார்த்து நிதானமாக வாசிக்கலாம் என்று மடித்து வைக்கிறீர்களே, அந்த நாள் எது? அதுவரை நீங்கள் தொடங்காமல் போட்டிருக்கும் ஏதோ ஒன்றுக்காக உங்கள் வீட்டில் ஒருவர் சத்தம் போடாமல் காத்திருக்கிறார் அல்லவா. நல்ல மனுசி, பொறுமைசாலி, ஒரு சொல் சொல்வதில்லை என்று நாலு பேரிடம் மெச்சியும் இருப்பீர்கள்.

அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது?